அந்தமான் நிக்கோபார் தீவுகளில் படைவீரர் உபகரண ஆராய்ச்சி

வங்காள விரிகுடாவின் தென்கிழக்கே, வட அட்சரேகை 6 பாகைக்கும் 14 பாகைக்கும் இடையே வடக்கு தெற்காகத் தொடர்ந்து கிடக்கும் அந்தமான் நிக்கோபார் தீவுகளில் காவல் புரியும் சிப்பாய்க்கு எத்தகைய ஆயுதமும் உடையும் உணவும் மருந்தும் ஏற்றவை என்பதை விஞ்ஞான முறையில் ஆராய்ந்து அமைத்தலே இக்கட்டுரையின் பொருளாகும். பாலைவனத்துக்கு ஒரு வகையும் பனிமலைக்கு ஒரு வகையும் வேண்டியிருப்பது போல, ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்வதும், காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 70 விழுக்காட்டுக்குக் கீழே இறங்காததும், எத்திசையில் நடந்தாலும் சிறிது தொலைவில் உப்புநீரைக் காண்பதுமாகிய இப்பிரதேசத்துக்கென்று தனியொரு வகை வேண்டும் என்பது நெடுங்காலமாக அனுபவத்தில் தெரிந்திருந்தும், ஆராய்ச்சியாளரின் கவனத்தை மெதுவாகவே ஈர்த்தது.

முதலாம் இராஜேந்திரன் 1025-ஆம் ஆண்டு வாக்கில் கடாரத்தின்மீது படையனுப்பியபோது சோழர் கலங்கள் தொட்ட இடங்களுள் ஒன்றாக அவனது மெய்க்கீர்த்தி குறிக்கும் மாநக்கவாரம் நிக்கோபார் தீவுகளே என்பர். அப்படையினர் எதை உடுத்தினர், எதை உண்டனர் என்பதற்கு நமக்குச் சான்றில்லை. ஆனால் தீவுகளின் ஆதிகுடிகள் தம் சூழலுக்கேற்பக் கருவி செய்துகொண்ட திறத்துக்குச் சான்றுகள் உள்ளன. பெரிய அந்தமானியர் வளைத்த வில் ஆங்கில எழுத்து எஸ் போன்று இரு வளைவு கொண்டது. காட்டுப்பன்றியை எய்யும் அவர்களது அம்பின் தலை தண்டினின்று கழன்று, இரண்டையும் பிணைக்கும் நீண்ட கயிற்றோடு விலங்கின் உடலில் தங்கிவிட, ஓடும் பன்றியின் பின்னே இழுபடும் தண்டு புதரில் சிக்கி அதனை நிறுத்திவிடும். அடர்ந்த காட்டில் அடிபட்ட விலங்கைத் துரத்திப் பிடிப்பது அரிது என்னும் இடர்ப்பாட்டுக்கு இதைவிட எளிய தீர்வு இருக்க முடியாது. அம்பின் இரும்போ, கரையில் மோதி உடைந்த கப்பல்களிலிருந்து எடுத்துத் தட்டி உருவாக்கியது. ஆய்வுக்கூடமும் நூலறிவும் இன்றியே நிகழ்ந்த இதனைப் பொருளாராய்ச்சி என்று சொல்வதில் தவறில்லை.

ஐரோப்பியர் கொணர்ந்த உபகரணங்களோ இத்தீவுகளில் மீண்டும் மீண்டும் தோல்வியுற்றன. அத்தோல்விக்குக் காரணம் பகைவரைவிட நோயே. 1756-இல் நிக்கோபாரை உரிமை கொண்டாடிய டேனிஷ்காரர், அடுத்தடுத்து வந்த குடியேறிகளைக் காய்ச்சலுக்குப் பலி கொடுத்து, இறுதியில் அத்தீவுகளை ஆங்கிலேயருக்கு விட்டுச் சென்றனர். 1789-இல் ஆர்ச்சிபால்டு பிளேர் சாத்தம் தீவில் நிறுவிய ஆங்கிலக் குடியேற்றம் 1792-இல் வடக்கே பெயர்ந்து, அங்கே நோய் மிகுந்தமையால் 1796-இல் கைவிடப்பட்டது. சிப்பாய்க் கலகத்துக்குப் பின் 1858 மார்ச்சில் கைதிகள் குடியேற்றம் தொடங்கிய காலத்திலும் நிலைமை பெரிதும் மாறவில்லை. மறு ஆண்டு மே மாதம் அபர்தீனில் வில்லேந்திய அந்தமானியரைத் துப்பாக்கியும் பீரங்கியும் ஒரே நாளில் வென்றன என்றாலும், காய்ச்சலை வெல்ல அவற்றால் ஆகவில்லை. கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியை 1897-இல் செகந்திராபாத்தில் கண்டறிந்த இரானல்டு ராஸ், அதற்கு முன் படை மருத்துவராக அந்தமானிலும் பணிபுரிந்தவர் என்பது பலரும் அறியாத செய்தி. (போர்ட் பிளேருக்கு எதிரே இருந்த ராஸ் தீவு அவர் பெயரால் அமைந்ததென்று கருதுவோர் உளர்; அது கடலளவையாளர் டேனியல் ராஸ் பெயரைத் தாங்கியது; 2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு எனப்படுகிறது.) நிக்கோபாரில் மலேரியாவைப் பரப்பும் கொசு, கடல்நீரும் மழைநீரும் கலந்து தேங்கும் உவர்நீரில் முட்டையிடுவது, ஆகவே கரையோரத்தில் முகாமிடும் எந்தப் படையும் அதன் வாசலிலேயே குடியிருக்கிறது.

இரண்டாம் உலக யுத்தத்தில், 1942 மார்ச் 23 அன்று ஜப்பானியர் போர்ட் பிளேரைக் கைக்கொண்டு, கரையெங்கும் எழுப்பிய கான்கிரீட் பதுங்கறைகள் இன்றும் கார்பின்ஸ் கோவ் முதலிய இடங்களில் நிற்கின்றன. மறு ஆண்டு ஜனவரியில், முன்னர் இங்கே போலீஸ் அதிகாரியாயிருந்த டெனிஸ் மெக்கார்த்தி தலைமையில் ஒரு சிறு குழு டச்சு நீர்மூழ்கியொன்றிலிருந்து இரகசியமாகக் கரையிறங்கி, வாரக்கணக்கில் காட்டில் மறைந்து வேவு பார்த்துத் திரும்பியது. சிலரே கொண்ட குழு, தன் உணவையும் கம்பியில்லாத் தந்திக் கருவியையும் முதுகில் சுமந்து, உதவி எதுவும் எட்டாத தொலைவில் இயங்க வேண்டும் என்னும் இன்றைய தீவுப்போர்ச் சிந்தனையின் முழு வினாவும் அந்தச் சிறு முயற்சியிலேயே அடங்கியிருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பின் 1948-இல் டி. எஸ். கோத்தாரி பாதுகாப்பு அமைச்சின் விஞ்ஞான ஆலோசகரானதும், 1958-இல் பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் வளர்ச்சி நிறுவனம் அமைந்ததும் இந்தியச் சிப்பாயின் உபகரணம் உள்நாட்டிலேயே ஆராயப்படுவதற்கு அடித்தளமிட்டன. மைசூரில் 1961-இல் உணவு ஆராய்ச்சிக்கும், டெல்லியில் 1962-இல் உடலியல் ஆராய்ச்சிக்கும் நிலையங்கள் எழுந்தன. கான்பூரில் துணியும் கவசமும், குவாலியரில் நோய்த்தடுப்பும், புனேயில் துப்பாக்கியும் ஆராயப்பட்டன. ஆயினும் 1962-ஆம் ஆண்டின் சீனப் படையெடுப்பு ஆராய்ச்சியின் முகத்தை வடக்கே திருப்பிவிட்டது. உயர்மலையில் மூச்சுத் திணறல், பனிக்கடி, உறைந்த எண்ணெய் ஆகியவையே அதன்பின் முதன்மை வினாக்களாயின. 1984-இல் சியாச்சின் பனியாற்றில் படை நிலைகொண்டபின் அப்போக்கு மேலும் உறுதியாயிற்று. இதனைக் குறையென்று சொல்வதற்கில்லை. உயிர்கள் மாய்ந்த இடத்துக்குத்தான் விஞ்ஞானமும் முதலில் ஓடும். ஆனால் தென்கிழக்கே, 1962-இலேயே கடற்படைக் காவல் அமைந்து, 1964-இல் ஐ.என்.எஸ். ஜராவா என்னும் கரைத்தளமும் பெற்ற தீவுகளின் சிப்பாய், மற்றோரிடத்துக்கென்று செய்த பொருளையே அணிந்துகொண்டிருந்தான்.

கார்கில் யுத்தத்துக்குப் பின் பாதுகாப்பு அமைப்பு சீர்திருத்தப்பட்டபோது, 2001 அக்டோபர் 8 அன்று முப்படைகளையும் ஒருங்கே ஆளும் நாட்டின் முதல் கட்டளையகம் போர்ட் பிளேரில், வைஸ் அட்மிரல் அருண் பிரகாஷ் தலைமையில் தோன்றியது. மூன்றாண்டு கழித்து, 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலை கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்தை அழித்து, வீரரும் குடும்பத்தினருமாக நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. தொலைபேசி அடங்கிய அந்நாட்களில், வேறு காரியமாகப் போர்ட் பிளேருக்கு வந்திருந்த அமெச்சூர் வானொலிக் குழுவினரின் கருவிகளே வெளியுலகத்தோடு தொடர்பு காத்தன. மின்சாரமும் கோபுரமும் இல்லாவிடினும் பேசக்கூடிய சிறு கருவி, தீவுச் சிப்பாய்க்குத் துப்பாக்கிக்கு நிகரான தேவை என்பதற்கு வேறு நிரூபணம் வேண்டுவதில்லை. சென்னையிலிருந்து கடலடியே ஏறத்தாழ 2300 கிலோமீட்டர் நீளத்துக்கு இடப்பட்ட கம்பிவடம் 2020 ஆகஸ்டு 10 அன்று திறக்கப்பட்டதால் தலைமையகங்களின் நிலை தேறியது. காட்டில் ரோந்து செல்பவனுக்கு அது எட்டாது.

இனி, தீவின் வானிலை ஒரு துப்பாக்கியை என்ன செய்கிறது என்பதைச் சற்று அருகிருந்து காண்போம். கடற்காற்றில் மிதந்து வரும் உப்புத்துகள் எஃகின்மேல் படிந்து, காற்றிலுள்ள ஈரத்தைத் தானே உறிஞ்சி மெல்லிய உப்புநீர்ப் படலமாகிறது. அதிலுள்ள குளோரைடு உலோகத்தின் காப்புப் படலத்தைத் துளைத்து உட்புகுகிறது. மழை நனைக்காத இடத்தில்கூடத் துரு பிடிப்பதன் இரகசியம் இதுதான். சிப்பாய் ‘புல்த்ரூ’ என்று அழைக்கும் கயிற்றின் ஒரு முனையில் எடையும் மறுமுனையில் எண்ணெய் தோய்ந்த துணியும் இருக்கும்; எடையைத் துப்பாக்கியின் பின்புறத்தே விட்டு வாய்வழியே உருவும்போது, முந்திய நாள் வெண்மையாக இருந்த துணி மறுநாள் செந்நிறக் கறையோடு வெளிவருவது உப்பின் வேலையே. எண்ணெயை மிகுதியாக இட்டால் மணல் ஒட்டும்; குறைத்தால் துரு ஏறும். இரவுப்பார்வைக் கண்ணாடிக்குள் ஈரம் நுழைந்தால் வில்லைமேல் பூஞ்சணம் சிலந்திவலை போலக் கிளைத்து, பின்னர் துடைத்தாலும் போகாத வடுவை விட்டுச்செல்கிறது. இவற்றை முன்னுணர்ந்தே, படைகளுக்கான மின்னணுக் கருவிகள் ஜே.எஸ்.எஸ். 55555 என்னும் கூட்டுத் தரவிதிப்படி உப்புத் தூவல், ஈரவெப்பம், பூஞ்சணம் ஆகிய சோதனைகளுக்கு உட்படுத்தப்படுகின்றன. பெட்டிக்குள் சில வாரம் நிகழும் சோதனையும் திறந்த கரையில் பல பருவம் கழிப்பதும் ஒன்றாகா. காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளை நெடுங்காலம் வெளியில் வைத்து அரிமானத்தை அளந்துவருவது இதனாலேயே. இன்சாஸ் துப்பாக்கியின் பிளாஸ்டிக் தோட்டாப்பெட்டி கார்கில் குளிரில் விரிசல் கண்ட நிகழ்ச்சியும், ஒரு சீதோஷ்ணத்தில் தேறிய பொருள் மற்றொன்றிலும் தேறும் என்ற நம்பிக்கைக்கு எதிரான சாட்சியம்.

சிப்பாயின் உடலும் இவ்வாறே சோதனைக்குள்ளாகிறது. வியர்வை உலரும்போதுதான் உடல் குளிரும். ஈரம் நிறைந்த காற்றில் அது உலராது வழிவதால், உடல் நீரை இழக்கிறதேயன்றி வெப்பத்தை இழப்பதில்லை. அதன்மேல் காற்றுப் புகாத குண்டு துளைக்காத அங்கியையும் அணிவித்தால், கவசமே ஆபத்தாகும். ஆதலால் 2024 ஏப்ரலில் கான்பூர் ஆய்வுக்கூடம் அறிவித்த, உயர்ந்த அபாய நிலைக்குரிய நாட்டின் மிக இலேசான அங்கி போன்றவை மலைநாட்டைவிட இங்கே அதிகப் பயன் தரக்கூடியவை. கொசுவை விலக்க, குவாலியர் ஆய்வுக்கூடம் டெபா என்னும் மேற்பூச்சு மருந்தை ஆக்கியது. 1980-களின் இறுதியில் அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல் என்று அஞ்சப்பட்ட நோய், பின்னர் லெப்டோஸ்பைரோசிஸ் என்று தெளிந்தது. எலியின் சிறுநீர் கலந்த சேற்றுநீர், காலிலுள்ள வெடிப்பு வழியே அக்கிருமியை உடலுக்குள் செலுத்துகிறது. அப்படியானால், நீரை உள்ளே விடாத காலணியா, உள்ளே வந்த நீரை விரைவில் வெளியேற்றும் காலணியா எது நல்லது என்பது காலணி செய்யும் நுட்பம் பற்றிய வினா மட்டுமன்று; வைத்திய வினாவும் ஆகும்.

துப்பாக்கி, தலைக்கவசம், செய்தித்தொடர்பு, பார்வைக் கருவி எல்லாவற்றையும் ஒரே அமைப்பாக இணைக்கும் எதிர்காலக் காலாட்படை வீரன் திட்டமாகிய எஃப்-இன்சாஸ் இந்நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் உருவாகி, பல தாமதங்களுக்கும் மாற்றங்களுக்கும் பின், 2022 ஆகஸ்டு 16 அன்று பாதுகாப்பு அமைச்சரால் படைக்கு ஒப்படைக்கப்பட்டது. அதே விழாவில் கொடுக்கப்பட்ட துருப்பு இறங்கு படகுகள் கடலுக்குச் செல்லாமல் லடாக்கின் பாங்காங் ஏரிக்குச் சென்றன என்பதில் ஒரு நகைச்சுவை உண்டு. அது அப்போதைய தேவைக்குத் தக்கதே. இத்திட்டத்தின் பலவீனம் மின்கலமாகும்: கருவி பெருகப் பெருக மின்கலச் சுமையும் பெருகுகிறது, மாற்று மின்கலமோ சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ மூன்று நாள் கப்பல் பயணம் செய்து வரவேண்டியிருக்கிறது.

ஏவுகணைத் துறையில் தீவுகளின் பங்கு வேறு. 2020 நவம்பரில் தரைப்படையின் பிரம்மோஸ் இங்கே சோதிக்கப்பட்டது போன்ற செய்திகள் பத்திரிகைகளில் இடம்பெறுகின்றன. பரந்த வெறுங்கடல் இருப்பதால் பெரிய ஆயுதங்களுக்கு இது சிறந்த சோதனைக்களமாயிற்று. சிப்பாயின் காலணிக்கும் கொசுவலைக்கும் அந்தக் கவனிப்பு கிட்டவில்லை. குளிருக்கென்று லேயிலும், வடகிழக்கு எல்லைக்கென்று தேஜ்பூரிலும் ஆய்வுக்கூடங்கள் அமைத்த பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம், உப்புக்கும் ஈரத்துக்குமென்று ஸ்ரீ விஜயபுரத்திலோ (போர்ட் பிளேரின் 2024 முதலான பெயர்) நிக்கோபாரிலோ அத்தகைய ஒன்றை இன்னும் நிறுவவில்லை, நிறுவுவதே முறை.