பாடக்கோப்புச் சேமிப்பிடம்

செயற்கை நுண்ணறிவு முகவர் இறக்கித் தரும் விரிவுரை, குறிப்பு, பயிற்சித்தாள் ஆகியவற்றை வைக்கப் பயனர் குறித்துக் கொடுக்கும் கோப்புறை. ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். இணையவழிப் பாடங்களைச் சிலமலை கிராமத்து வீட்டிலிருந்தும், 2012இல் உருவான போடிநாயக்கனூர் அரசு பொறியியல் கல்லூரி விடுதியிலிருந்தும் பெறலாம். பெற்றதை எங்கே வைத்தோம் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

முகவர் பொதுவாகத் தான் தொடங்கப்பட்ட கோப்புறையையே பணியிடமாகக் கொள்ளும். ‘பாடங்கள்’ என்று பெயரை மட்டும் சொன்னால், வேறு இடத்திலிருந்து தொடங்கும்போது அங்கேயும் அதே பெயரில் இன்னொரு கோப்புறை முளைத்துவிடும். ஆகவே வட்டிலிருந்து தொடங்கும் முழுப் பாதையையும் முகவரின் அமைப்புக் கோப்பில் எழுதுவதே சரி. உரையாடலில் சொன்னது அடுத்த அமர்வில் நினைவில் இராமல் போகலாம்; கோப்பில் எழுதியது நிற்கும்.

முகவரை வெளிக் கருவிகளோடும் தரவுகளோடும் இணைக்க ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்.சி.பி. நெறிமுறைக்கான கோப்பு சர்வரில், அனுமதிக்கும் கோப்புறைகளைத் தொடக்கத்திலேயே வரையறுக்கலாம். அவற்றுக்கு வெளியே அது எழுதாது. வீட்டுக்கு ஒரே கணினி உள்ள இடங்களில் மற்றவர்களின் கோப்புகளும் அதிலேயே இருப்பதால், இந்த வரம்பு மிக அவசியம். பாதையை மாற்றினால் பழைய கோப்புகள் தாமாக இடம்பெயரா. அவற்றை நகர்த்தி, திறந்து பார்த்த பிறகே பழைய கோப்புறையை நீக்குங்கள்.