ஒற்றைக் கயிறு: மூணாறு–போடி பாதையில் ஒரு மேனேஜ்மென்ட் பாடம்

மேனேஜ்மென்ட் புத்தகங்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. மூன்று பக்கத்தில் சொல்ல வேண்டியதை முந்நூறு பக்கத்துக்கு இழுப்பார்கள். ஆனால் ஒரு புத்தகத்தை மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது எடுத்துப் புரட்டிவிடுவேன். எலியாஹு கோல்ட்ராட், ஜெஃப் காக்ஸ் என்பவரோடு சேர்ந்து எழுதி 1984ல் வந்த 'தி கோல்'. கோல்ட்ராட் இஸ்ரேலைச் சேர்ந்த இயற்பியல்காரர். மூடப்படும் நிலையில் இருக்கும் ஒரு தொழிற்சாலையின் கதையை நாவலாகவே எழுதியிருப்பார். ஐ.டி. ஆட்கள் நிறையப் பேர் படித்திருக்கும் 'தி ஃபீனிக்ஸ் பிராஜெக்ட்' (2013) இதே யோசனையை சாஃப்ட்வேர் வேலைக்குப் பொருத்தி எழுதியதுதான்.

நாவலில் ஒரு மலை நடை வரும். பையன்கள் வரிசையாகப் போகிறார்கள். வேகமாக நடப்பவர்கள் முன்னால் ஓடிவிட, ஒரு பையன் மட்டும் பின்தங்குகிறான். முதல் ஆள் எப்போது போய்ச் சேர்ந்தான் என்பதில் என்ன இருக்கிறது? கடைசி ஆள் சேர்ந்தால்தானே நடை முடியும்? அதனால் அந்தப் பையனை வரிசைக்கு முன்னால் விட்டு, அவன் முதுகுச் சுமையை மற்றவர்கள் பிரித்துத் தூக்குகிறார்கள். மொத்தக் கூட்டமும் வேகமாகப் போய்ச் சேர்கிறது. தேவாரத்தில் பிறந்து, மலைப்பாதையில் சுமையோடு ஏறும் ஆட்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு இந்த இடம் உடனே பிடிபட்டது.

இதைத்தான் கோல்ட்ராட் ஐந்து படிகளாகச் சொல்கிறார். எது பாட்டில்நெக் என்று கண்டுபிடி. அதை ஒரு நிமிஷமும் சும்மா விடாதே. மற்ற எல்லா வேலையையும் அதன் வேகத்துக்கு இசைந்து போகச் செய். பிறகு அதன் திறனைக் கூட்டு. கூட்டியதும் பாட்டில்நெக் வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கும், மறுபடி முதல் படிக்குப் போ.

இந்த ஐந்து படிகளையும் சோதித்துப் பார்க்க அமெரிக்கத் தொழிற்சாலை எதுவும் வேண்டாம். எங்க பக்கத்திலேயே ஒரு பாதை இருக்கிறது.

தேயிலைப் பெட்டி வந்த வழி

மூணாறு மலையில் தேயிலை போட்ட கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொட்யூஸ் கம்பெனி 1897ல் தொடங்கியது. விளைந்த தேயிலை லண்டன் போக வேண்டும், அதற்கு முதலில் மலையை விட்டு இறங்க வேண்டும். அப்போது இறங்கிய திசை கிழக்கு, அதாவது போடி.

மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் வரை முதலில் வண்டிப்பாதை. 1902ல் அதன் மேல் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். எவிங் முறை என்று பெயர். சின்னச் சக்கரம் தண்டவாளத்தில் ஓடும், சாயாமல் இருக்க ஒரு பெரிய சக்கரம் பக்கத்தில் தரையில் உருளும். இழுப்பது மாடு. 1908ல் அதையும் எடுத்துவிட்டு இரண்டு அடி அகலத்தில் குறும்பாதை ரயில் போட்டுட்டாங்க. டாப் ஸ்டேஷன் என்ற பெயரே இந்தப் பாதையின் மேல் முனை என்பதால் வந்ததுதான்.

டாப் ஸ்டேஷனிலிருந்து பெட்டிகள் ரோப்வேயில் தொங்கி, சுமார் 5 கிலோமீட்டர் இறங்கி கோட்டகுடிக்கு வரும். அதற்கு பாட்டம் ஸ்டேஷன் என்று பெயர். அங்கிருந்து போடிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் மாட்டு வண்டி. போடிக்கு அப்போது ரயில் கிடையாது. திருச்சியிலிருந்து மதுரைக்கு 1875ல் போட்ட பாதையில் இருந்த அம்மையநாயக்கனூர்தான் (இன்றைய கொடைக்கானல் ரோடு) பக்கத்து ஸ்டேஷன். பக்கத்து என்றாலும் பெரியகுளம், வத்தலக்குண்டு தாண்டி எழுபது கிலோமீட்டருக்கு மேல்.

ஆக நான்கு துண்டுகள்: மலை மேல் ரயில், சரிவில் கயிறு, சமவெளியில் மாட்டு வண்டி, பிறகு மறுபடி ரயில். இதில் பாட்டில்நெக் எது?

சட்டென்று மாட்டு வண்டி என்றுதான் சொல்லத் தோன்றும். மெதுவாகப் போவது அதுதானே? ஆனால் மெதுவாக இருப்பதும் பாட்டில்நெக்காக இருப்பதும் ஒன்றல்ல. பத்து வண்டி போதாவிட்டால் இருபது வண்டி பிடிக்கலாம். கயிறு அப்படி இல்லை. இருப்பது ஒரே கயிறு. அது ஒரு மணி நேரத்தில் எத்தனை பெட்டி இறக்குமோ அத்தனைதான் மொத்தப் பாதையின் கணக்கு. மேலே ரயில் அதைவிட வேகமாகப் பெட்டிகளைக் கொண்டு வந்தால், அவை டாப் ஸ்டேஷனில் அடுக்கி வைக்கப்படும், அவ்வளவுதான். லண்டனுக்கு ஒரு பெட்டிகூடக் கூடுதலாகப் போகாது.

ஆபீஸில் இதே கணக்கைப் பார்க்கிறேன். கோடு எழுத ஆள் சேர்க்கலாம், அது மாட்டு வண்டி மாதிரி. டெஸ்ட் செய்து பார்க்க ஒரே ஒரு சர்வர் இருந்தால் அதுதான் கயிறு. எங்கள் டீமில் ஒரு சமயம் புதிய வேலைகளை எடுப்பதைக் குறைத்து, அந்த சர்வரை ராத்திரியிலும் ஓட விட்டோம். ஆள் யாரையும் சேர்க்கவில்லை. மாசத்துக்கு ஒரு ரிலீஸ் என்பது இரண்டு வாரத்துக்கு ஒன்று ஆனது.

1928

1924 ஜூலையில் வெள்ளம் வந்தது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளத்தில் அதைத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்றே சொல்வார்கள். குண்டளை ரயில் அதில் அழிந்தது. திரும்பக் கட்டவே இல்லை.

நான்கு வருஷம் கழித்து, 1928ல், மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர் கேஜ் ரயில் வந்து சேர்ந்தது. அதே 1928ல் மேற்கே இன்னொன்றும் நடந்தது. ராபர்ட் பிரிஸ்டோ என்ற இன்ஜினியர் கொச்சித் துறைமுகத்தின் வாயிலை ஆழப்படுத்தி முடிக்க, கடல் கப்பல் உள்ளே வந்துவிட்டது. 1935ல் பெரியாற்றின் மேல் நேரியமங்கலம் பாலம் திறக்கப்பட்டதும், மூணாறிலிருந்து மேற்கே போகும் சாலை உறுதியாகிவிட்டது. தேயிலை கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் திரும்பியது.

இங்கேதான் ஐந்தாவது படி வருகிறது. சமவெளியில் எழுபது கிலோமீட்டர் வண்டிப்பாதைக்குப் பதில் ரயில் என்பது நல்ல தீர்வுதான். ஆனால் அது வந்து சேர்ந்தபோது மலை மேல் ரயில் இல்லை, மேற்கே துறைமுகம் திறந்தாகிவிட்டது. பெரிய திட்டங்களின் கஷ்டம் இது. ஒரு பாட்டில்நெக்கைக் குறி வைத்துத் தொடங்குவோம், முடிக்கும்போது அது இடம் மாறியிருக்கும்.

யாருடைய இலக்கு?

போடி ரயிலின் கதை அதோடு முடியவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1942ல், தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்கள். 1950களில்தான் திரும்பப் போட்டார்கள். பிறகு அகலப்பாதை ஆக்குவதற்காக 2010 கடைசியில் நிறுத்தினார்கள். தேனிக்கு 2022 மேயிலும், போடிக்கு 2023 ஜூனிலும்தான் ரயில் மறுபடி வந்தது. இடையில் பன்னிரண்டு வருஷம்.

1942ல் அந்த முடிவை எடுத்தவர்களைக் கேட்டால் அவர்கள் கணக்கு சரியாகவே இருந்திருக்கும். போரில் ஜெயிப்பது இலக்கு, இரும்பு தட்டுப்பாடு, போடிக்கு ரயில் ஓடுவது அந்த இலக்குக்கு அவசியமில்லை. புத்தகத்தின் தலைப்பே 'இலக்கு' என்பதை நாம் சுலபமாக மறந்துவிடுகிறோம். பாட்டில்நெக் எது என்று கேட்பதற்கு முன் இலக்கு என்ன என்று கேட்க வேண்டும். யாருடைய இலக்கு என்பது அதற்கும் முந்தைய கேள்வி. கோல்ட்ராட் நாவலில் அதற்குச் சுலபமான பதில் இருக்கிறது: கம்பெனி பணம் சம்பாதிக்க வேண்டும். ஊர் விஷயத்தில் அப்படி ஒரே பதில் கிடைக்காது.

இன்றைய ஏலக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு செடியில் எல்லாக் காயும் ஒரே நாளில் பழுக்காது. சீசன் முழுக்க சுமார் ஒன்றரை மாதத்துக்கு ஒரு சுற்று என்று கையால்தான் எடுக்க வேண்டும். பழுத்த காயை விட்டுவிட்டால் வெடித்துவிடும். எடுத்த காயை உடனே ஸ்டோரில் போட்டுக் காயவைக்க வேண்டும், ஐந்து கிலோ பச்சைக்காய்க்கு ஒரு கிலோ உலர்ந்த காய் தேறும். ஸ்டோரை இன்னொன்று கட்டலாம். ஏலம் இப்போது போடியிலும் புற்றடியிலும் கம்ப்யூட்டரிலேயே நடக்கிறது. அவசரத்துக்குக் கூட்ட முடியாதது காய் எடுக்கும் கைகளைத்தான். அதாவது இந்தத் தொழிலின் ஒற்றைக் கயிறு காய் எடுக்கும் பெண்கள்.

பாட்டில்நெக்கில் வீணாகும் ஒரு மணி நேரம் மொத்த அமைப்புக்கும் வீணான ஒரு மணி நேரம் என்பது கோல்ட்ராட்டின் கணக்கு. அந்தப் பெண்களில் நிறையப் பேர் தேவாரம், கோம்பை, போடிப் பக்கத்து ஊர்க்காரர்கள். விடியும் முன்னே ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலோ கம்பம்மெட்டு வழியாகவோ ஏறி, சாயந்திரம் அதே வழியில் இறங்குகிறார்கள். தேவாரத்திலிருந்து நேர் மேலே சாக்குலூத்து மெட்டு இருக்கிறது. அங்கே நடைபாதை உண்டு, ஆனால் ரோடு வேண்டும் என்பது எங்க ஊரின் ரொம்ப நாள் கோரிக்கை. அந்தச் சரிவு காடு, யானை நடமாடும் இடம் என்பதும் உண்மை. காட்டைக் காப்பதும் ஓர் இலக்குதான், அதை நான் சின்னதாக நினைக்கவில்லை.

நான் சொல்ல வருவது வேறு. 1908ல் தேயிலைப் பெட்டிக்காக மலை மேல் ரயிலே ஓடியது, சரிவில் கயிறு கட்டினார்கள். பெட்டி காத்திருந்தால் அது ஒரு கம்பெனியின் கணக்கில் நஷ்டமாக எழுதப்படும். ஜீப்பில் போகும் அக்காமார்களின் மணி நேரம் எஸ்டேட் கணக்கிலும் வராது, அரசாங்கக் கணக்கிலும் வராது. கூலி காட்டில் இறங்கிய பிறகுதான் ஆரம்பம். கணக்கில் வராத காத்திருப்பை யாரும் பாட்டில்நெக் என்று கண்டுபிடிக்க மாட்டார்கள்.

வேலையில் இந்தப் புத்தகத்தைப் பயன்படுத்தும்போது அதனால் நான் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்கிறேன்: இந்த அமைப்பில் காத்திருந்தும் எந்த ரிப்போர்ட்டிலும் வராதவர் யார்? பெரும்பாலும் கஸ்டமர் சப்போர்ட்டில் இருக்கும் யாரோ ஒருவர். வீட்டில் கேட்டுப் பார்த்தாலும் பதில் கிடைக்கும்: காலை ஏழு மணிக்கு எல்லோருக்கும் டிபன் கொடுத்துவிட்டு, கடைசியில் சாப்பிடுபவர்.