பறங்கி நோயும் குருதிச் சோதனையும்: வன்னி வரலாறு காட்டும் சில உண்மைகள்

வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், நெடுங்கேணி வழியாக முல்லைத்தீவுக்கு வீதி பிரியும் இடத்தில் அமைந்துள்ளது புளியங்குளம். குளத்தைத் தன் பெயரிலே தாங்கிய வன்னியூர்கள் பலவற்றுள் இதுவும் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வன்னியின் குடித்தொகை அருகியமைக்குக் கூறப்பட்ட காரணங்களுள், குளங்கள் தூர்ந்தமை, காய்ச்சல் ஆகியவற்றோடு பறங்கி நோயும் ஒன்றாகும். 1895 இல் வெளிவந்த ஜே. பி. லூயிஸின் வன்னி மாவட்டக் கைந்நூலும் இந்நோயைப் பற்றிப் பேசுகின்றது. உடலெங்கும் புண் கிளம்பி, காலப்போக்கில் எலும்பையும் மூட்டையும் சிதைத்து, உழவனைக் கலப்பை பிடிக்கவொட்டாது முடக்கிய நோய் அது.

இந்நோயின் பெயரே ஒரு குற்றச்சாட்டாகும். பறங்கி என்பது 1505 இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயரைச் சுட்டும் சொல். அந்நியரின் தகாத ஒழுக்கத்தால் வந்த நோய் என்ற கருத்து அப்பெயருள் உறைந்துள்ளது. இவ்வழக்கம் நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. 1495 இல் நேப்பிள்ஸ் நகரில் சிபிலிஸ் என்னும் கிரந்தி நோய் பரவியபோது, இத்தாலியர் அதனைப் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரரோ அதனை நேப்பிள்ஸ் நோய் என்றனர். வடமொழி வைத்திய நூலாகிய பாவப்பிரகாசம் அதனைப் பிரங்க ரோகம் என வழங்குகின்றது. ஆனால் வன்னியிற் பறங்கி எனப்பட்டது அந்நோயன்று என்பதே இங்கு கருதற்பாலது.

இதனை அறிந்துகொள்ள நீண்ட காலம் சென்றது. 1872 முதல் 1877 வரை தேசாதிபதியாயிருந்த வில்லியம் கிறகரி, கெட்ட நீரும் போதாத உணவுமே இந்நோய்க்குக் காரணம் எனக் கருதினார். குளங்களைத் திருத்துவதில் அவர் காட்டிய ஊக்கத்துக்கு இக்கருத்தும் துணைநின்றது. தவறான காரணத்தால் நற்செயல் விளைந்தமைக்கு இஃதொரு நல்ல எடுத்துக்காட்டு! 1881 இல் தலைமை மருத்துவ அதிகாரி கின்சி இந்நோய் பற்றி விரிவானதோர் அறிக்கை வெளியிட்டார். மேற்கிந்தியத் தீவுகளில் யோஸ் என வழங்கிய நோயோடு இதனை ஒப்பிடும் வாய்ப்பு அதனாற் கிட்டியது. ஆயினும் ஆங்கிலப் பேரறிஞர் ஜொனதன் ஹச்சின்சன், யோஸ் என்பது சிபிலிஸின் மாறுவடிவமே என்று வாதிட்டு வந்தார்.

வடக்குக்குப் புகையிரதப் பாதை முழுமையாகத் திறக்கப்பட்ட 1905 ஆம் ஆண்டே இவ்வாராய்ச்சியிலும் திருப்புமுனையாயிற்று. கொழும்பிற் பணியாற்றிய அல்டோ கஸ்தெலானி பறங்கிப் புண்ணில் சுருள் வடிவக் கிருமியொன்றை நுணுக்குக்காட்டியாற் கண்டார். அதே ஆண்டில் பேர்லினில் ஷவுடினும் ஹொஃப்மனும் சிபிலிஸின் கிருமியைக் கண்டனர். இரண்டும் உடன்பிறந்தவை போன்றவை; பரவும் வழியோ வேறு. பறங்கி நோய் பெரும்பாலும் சிறுவரிடையே, தோலோடு தோல் படுவதனாற் பரவுவது. பாலுறவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. எனவே, பறங்கிப் புண்ணைத் தகாத ஒழுக்கத்தின் விளைவாகக் கண்டோர், முற்றத்தில் விளையாடிய பிள்ளையின் புண்ணுக்குப் பெற்றோரின் ஒழுக்கத்தை ஐயுற்றோராவர்.

1906 இல் வாசர்மன் குருதிச் சோதனையை வகுத்தபோது ஐயம் தீரும் என எதிர்பார்க்கப்பட்டது. அது தீரவில்லை. இரு நோயாளரின் குருதியும் சோதனையில் ஒரே விடையைத் தந்தது. பின்வந்த வி.டி.ஆர்.எல். முதலிய சோதனைகளும் இவ்விரண்டையும் பிரித்தறியமாட்டா. இளமையிற் பறங்கி வந்து மாறிய முதியவரின் குருதி, பின்னொருகாற் சோதிக்கப்படுமிடத்து, அவரைப் பாலியல் நோயாளராகக் காட்டவும் கூடும். சோதனை குருதியிலுள்ள எதிர்ப்பொருளைக் காட்டுமேயன்றி, ஒருவருடைய ஒழுக்கத்தைக் காட்டாது.

சோதனைக்கு மற்றோர் எல்லையும் உண்டு, அது காலம். இன்று பாலுறவின் பின் அச்சமுற்று வைத்தியசாலையை நாடுவோர் பெரிதும் இடறுவது இவ்விடத்திலேயே. கிரந்தியின் முதற்புண் தொடர்பு நிகழ்ந்து 10 முதல் 90 நாள்களுக்குள், பெரும்பாலும் மூன்று வாரமளவில், வலியின்றித் தோன்றும். மருந்தின்றியே சில வாரங்களில் ஆறிவிடும். புண் ஆறியதை நோய் ஆறியதாகக் கொண்டு ஏமாந்தோர் எத்தனையோ பேர். குருதிச் சோதனையோ புண் தோன்றிச் சில வாரங்கள் சென்ற பின்னரே நோயைக் காட்டவும் கூடும். ஆதலால் மறுநாளே செய்த சோதனையில் நோயில்லை என வந்தால் அது பழைய நிலையை மட்டுமே கூறும். 90 நாள் கழிந்தபின் மீளச் சோதித்தல் வேண்டும். எச்.ஐ.வி.யை ஆய்வுகூடத்தில் செய்யும் புதிய சோதனைகள் 45 நாளளவிற் பெரும்பாலும் காட்டிவிடும்; விரைவுச் சோதனைகளுக்கு 90 நாள் செல்லலாம். கொனோறியா, கிளமிடியா ஆகியன இரு வாரங்களுக்குள் சோதனையில் வெளிப்படும். ஆயின் பெண்களிடம் இவை பெரும்பாலும் அறிகுறியின்றியே இருக்கும். காத்திருக்கலாகாத செயல் ஒன்றுண்டு. எச்.ஐ.வி. தொற்றியிருக்கலாம் என ஐயுறத்தக்க தொடர்பாயின், தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கி 28 நாள் உட்கொள்ளல் வேண்டும்.

அச்சமும் அளவோடு நிற்றல் நன்று. ஒரு தொடர்பினால் எல்லா நோயும் ஒரே வகையில் தொற்றுவதில்லை. ஆணும் பெண்ணும் பாதுகாப்பின்றிக் கூடும் வழமையான உறவில், ஒரு தடவையில் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றளவே. கொனோறியாவுக்கோ அது பன்மடங்கு மிகும். ஆணுறை இவ்விரண்டையும் பெரிதும் தடுக்கும். எனினும் அது மூடாத இடத்துப் புண்ணிலிருந்து கிரந்தி தொற்றலாம்.

பறங்கி நோய் பெனிசிலினுக்கு அடங்கிற்று. 1952 முதல் 1964 வரை உலக சுகாதார நிறுவனம் 46 நாடுகளில் நடத்திய இயக்கத்தில் ஏறத்தாழ ஐந்து கோடிப் பேர் சிகிச்சை பெற்றனர். பாலியல் நோய்களோ நாணத்தின் நிழலில் மறைந்து நின்றன. நாணத்தை வளர்த்ததிற் சட்டத்துக்கும் பங்குண்டு. 1864 முதல் பிரித்தானியாவிலும், 1868 இல் இந்தியாவிலும் இயற்றப்பட்ட தொற்றுநோய்ச் சட்டங்கள், படையினரைக் காக்கும் பெயரால், விலைமகளிர் எனக் கருதப்பட்ட பெண்களை மட்டுமே கட்டாயப் பரிசோதனைக்கு உட்படுத்தின. அவர்களை நாடிய ஆண்கள் சோதிக்கப்படவில்லை. தொற்று இரு பாலாரிடமும் உள்ளபோது ஒரு பாலாரை மட்டும் சோதித்து நோயைத் தடுக்க முயன்றது அறிவுக்குப் பொருந்துமா?

இலங்கையர் ஒருவரிடம் எச்.ஐ.வி. முதன்முதல் 1987 இல் அறியப்பட்டது. பிற்காலத்தில் கருவுற்ற தாய்மார் யாவருக்கும் கிரந்திக்கும் எச்.ஐ.வி.க்குமான குருதிச் சோதனை வழமையான பராமரிப்பின் பகுதியாயிற்று. தாயிடமிருந்து சேய்க்கு இவ்விரு தொற்றும் பரவுதலை ஒழித்த நாடாக 2019 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை ஏற்றது. எவரையும் ஐயுறாது எல்லோரையும் சோதித்ததனாற் கிடைத்த பயன் அது. தாய்க்குத் தொற்று உண்டெனக் கண்டால், கணவனும் பரிசோதனைக்கு அழைக்கப்படுகின்றான். அவன் வராது விடின், சிகிச்சை பெற்றுக் கிரந்தி மாறிய அப்பெண்ணுக்கு அதே நோய் மீண்டும் அவ்வீட்டிலேயே தொற்றும்.