காணாமல் போன அரை மணி நேரம்

1981ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதி இரவு 11.45 மணிக்குச் சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ ஒரு குழந்தைகூடப் பிறக்கவில்லை. பிறந்திருக்கவும் முடியாது. அன்றிரவு 11.30 ஆனதும் கடிகாரங்கள் நள்ளிரவு 12 மணிக்குத் தள்ளி வைக்கப்பட்டன. இடைப்பட்ட அரை மணி நேரம் இங்கு வரவே இல்லை.

கிரீன்விச் நேரத்துக்கு எட்டு மணி முன்னால் இருந்த சாபா, சரவாக்கோடு தீபகற்பத்தையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவர மலேசியா எடுத்த முடிவு அது. பாலத்தின் இந்தப் பக்கம் ஒரு நேரம், அந்தப் பக்கம் வேறொரு நேரம் என்றால் வணிகமும் பயணமும் என்னாவது? சிங்கப்பூரும் சேர்ந்தே மாற்றிக்கொண்டது.

கடிகாரத்தைத் திருத்துவது இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. 1905இல் கிரீன்விச்சைவிட ஏழு மணி கூடுதல். 1933இல் பகல் வெளிச்சத்தைப் பயன்படுத்திக்கொள்ள இருபது நிமிடம் கூட்டினார்கள். 1941 செப்டம்பரில் அது ஏழரை ஆனது. 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் வந்ததும் தோக்கியோ நேரம், அதாவது ஒன்பது மணி. 1945இல் அவர்கள் சரணடைந்ததும் மீண்டும் ஏழரை.

இத்தனையையும் கணினிக்கு யார் சொல்லித் தருவது? அமெரிக்கரான ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980களில் தொடங்கிய தரவுத்தளம் அந்த வேலையைச் செய்கிறது. எந்த ஊர் எந்த நாளில் கடிகாரத்தை மாற்றியது என்று அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். கூச்சிங்குக்குத் தனிப் பதிவே உண்டு. கைப்பேசிகள் பலவும் அதைப் பார்த்தே நேரம் சொல்கின்றன.

அதைப் பாராமல், 'மலேசியா என்றால் எட்டு மணி' என்று எழுதிவிட்ட ஜாதக மென்பொருள் என்ன செய்யும்? 1975இல் ஈப்போவில் காலை 10 மணிக்குப் பிறந்தவரை அரை மணி முன்னதாகவே பிறக்க வைத்துவிடும். ஒரு லக்னம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நிற்கும். ஆகவே நான்கில் ஒருவருக்கு லக்னமே மாறிப்போகும். பொருத்தமில்லை என்று வரன் தட்டிப்போனால் பழி மட்டும் சனீஸ்வரன் மேல்!

வேடிக்கை என்னவென்றால், 2011இல் அந்தத் தரவுத்தளத்தின் மீதே வழக்குத் தொடுத்தது அமெரிக்காவின் சோதிட மென்பொருள் நிறுவனம் ஒன்று. பழைய நேர விவரங்கள் தன் வெளியீட்டிலிருந்து எடுக்கப்பட்டவை என்றது. மறு ஆண்டே வழக்கை மீட்டுக்கொண்டது.

1945 இறுதியிலிருந்து 1981 முடியும்வரை தீபகற்பத்திலோ சிங்கப்பூரிலோ பிறந்தவர்களின் ஜாதகத்தில் நேர வித்தியாசம் 7.30 என்றிருக்க வேண்டும். அதே ஆண்டுகளில் சரவாக்கில் பிறந்தவருக்கு எட்டு மணிதான் சரி.