பத்து லட்சம் டாலரா? வேண்டாம்!

1974, ஆகஸ்ட். கியூபாவின் தலைநகர் ஹவானா. உலக அமெச்சூர் குத்துச்சண்டை சாம்பியன்ஷிப் முதன்முதலாக நடந்தது அங்கேதான். ஹெவிவெயிட் தங்கத்தைத் தட்டிச்சென்றவர், கியூபாவின் தியோஃபிலோ ஸ்டீவன்சன். அவருடைய வலது கைக் குத்து விழுந்தால், எதிராளி எழுந்திருப்பது ரொம்பக் கஷ்டம்!

‘புரொஃபஷனலாக மாறு. பத்து லட்சம் டாலர் தருகிறோம். முகமது அலியோடு மோதலாம்’ என்று அமெரிக்காவிலிருந்து வலைவீசினார்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

மனிதர் மசியவில்லை. காஸ்ட்ரோ அரசு தொழில்முறை விளையாட்டுக்குத் தடைபோட்டிருந்தது; போனால் ஊர் திரும்ப முடியாது. பணத்தைவிட கியூப மக்களின் அன்புதான் பெரிசு என்று சொல்லிவிட்டார். மூன்று ஒலிம்பிக் தங்கம், மூன்று உலகப் பட்டம்... எல்லாம் அமெச்சூராகவே!

2012-ல் அவர் இறந்தார். 2022-ல் கியூபா அந்தத் தடையைத் தளர்த்தியது. அலியா, ஸ்டீவன்சனா? அந்தச் சண்டைக்கு மணி அடிக்கவே இல்லை.