விசையும் குதிரையும்

டெக்ஸஸில் இருக்கும் என் பெரியம்மா மகன் தீபாவளிக்கு வீடியோ காலில் வந்தபோது, சாப்பாட்டு மேசையில் ஒரு துப்பாக்கியைப் பிரித்துப் போட்டிருந்தார். பக்கத்திலேயே முறுக்குத் தட்டு. ரூகர் 10/22 என்ற சின்ன ரைஃபிள் அது. 1964இல் வந்தது, இன்றும் விற்கிறது. "ரெண்டு பின்னைத் தள்ளினா மொத்த செட்டும் கையில வந்துடும்டா, நம்ம மிக்ஸி ஜாரைவிட ஈசி" என்றார். விசை கனமாக இருக்கிறதாம். கடையில் வாங்கும்போது ஐந்தாறு பவுண்டு, அதாவது இரண்டரை கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். அதைப் பாதியாகக் குறைக்கும் புதிய விசைத் தொகுப்பு கூரியரில் வந்திருந்தது. மாட்டி முடித்துவிட்டுக் கேட்டார்: "நம்ம ஊர்ல இதை வீட்டுல செய்ய முடியுமாடா?"

"முடியாதுண்ணா, உள்ள போட்ருவாங்க" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். ஆனால் கேள்வி போகவில்லை. நான் இருப்பது செங்கல்பட்டில். துப்பாக்கிச் சத்தம் இந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை. ஒத்திவாக்கத்தில் காவல்துறையின் சுடுதளம், அனுமந்தபுரத்தில் இன்னொன்று. ஆனால் விசையை அரத்தால் தேய்த்துப் பதம் பார்க்கும் கை இங்கே இருந்ததா? இருந்திருந்தால் எங்கே போனது?

முதலில் சொல். துப்பாக்கி என்ற சொல்லே துருக்கியில் கிளம்பி நம்மிடம் வந்து சேர்ந்தது. அதன் உறுப்புகளுக்கு மட்டும் நாமே பெயர் வைத்துக்கொண்டோம். விரல் இழுப்பது விசை. மேலே நிமிர்ந்து நின்று, விசை விடுபட்டதும் பாய்ந்து அடிக்கிறதே, அது குதிரை. பழைய அகராதிகளிலும் இந்தப் பொருள் உண்டு. அதே உறுப்பு ஆங்கிலேயனுக்கும் ஜெர்மானியனுக்கும் சேவல், பிரெஞ்சுக்காரனுக்கு நாய். ஸ்பானியன் விசையைப் பூனைக்குட்டி என்கிறான். எல்லா ஊரிலும் அந்த இரும்புத் துண்டைப் பார்த்தவனுக்கு ஒரு மிருகம் நினைவுக்கு வந்திருக்கிறது.

குதிரை வருவதற்கு முன் திரி இருந்தது. திரித் துப்பாக்கியில் வளைந்த ஒரு கம்பி, கனன்றுகொண்டிருக்கும் திரியைப் பிடித்திருக்கும். பெரும்பாலான இந்தியத் துப்பாக்கிகளில் கீழே உள்ள நெம்புகோலை இழுக்க இழுக்க, அந்தக் கம்பி மெதுவாகச் சாய்ந்து மருந்துக் கிண்ணத்தைத் தொடும். பொறியாளனாக எனக்கு இதில் கவனிக்கத் தோன்றுவது ஒன்றுதான்: இங்கே விரல்தான் நெருப்பைக் கொண்டுபோகிறது. பாதியில் மனம் மாறினால் விரலைத் தளர்த்தலாம், திரியும் திரும்பிவிடும்.

சக்கிமுக்கிக் கல் வைத்த துப்பாக்கியில் கணக்கு வேறு. அடிக்கும் வலு முழுவதையும் ஒரு வில் முன்கூட்டியே சுருட்டி வைத்துக்கொண்டிருக்கிறது. குதிரையின் அடியில் ஒரு சிறு பள்ளம் வெட்டி, அதில் ஒரு கொக்கியை மாட்டி நிறுத்தியிருப்பார்கள். விசை செய்யும் ஒரே வேலை அந்தக் கொக்கியை நழுவ விடுவது. நழுவிவிட்டால் திரும்பப் பெற முடியாது. (உற்பத்தி சர்வரில் எதையாவது அழிக்கும் கட்டளையைத் தட்டியவர்களுக்கு இந்த உணர்வு தெரியும்.) அன்றிலிருந்து விசையின் தரம் என்பது அந்தப் பள்ளத்தின் தரம்தான். எவ்வளவு ஆழம், என்ன கோணம், எவ்வளவு வழவழப்பு. ஆழமாக வெட்டினால் இழுக்கக் கை நோகும், குறி நகரும். மேலோட்டமாக வெட்டினால் துப்பாக்கியைக் கொஞ்சம் தட்டி வைத்தாலே வெடிக்கும். முடி அகலத்துக்குள் நடக்கும் பேரம் இது.

இந்தக் கடற்கரையில் அந்தத் துப்பாக்கியைப் பிடித்திருந்தவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதற்கு 1752இல் ஒரு காட்சி இருக்கிறது. கோவளம் கோட்டையும் செங்கல்பட்டுக் கோட்டையும் பிரெஞ்சுக்காரர் பக்கம். ராபர்ட் கிளைவ் அவற்றைப் பிடிக்கச் சென்னையிலிருந்து புறப்பட்டார். கையில் புதிதாகச் சேர்த்த ஐந்நூறு சிப்பாய்கள், லண்டன் தெருக்களிலிருந்து கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்ட இருநூறு ஐரோப்பியர்கள். கோவளத்தில் கோட்டையிலிருந்து வந்த ஒரு குண்டு ஒருவனைச் சாய்த்ததும் மற்றவர்கள் திரும்பி ஓடினார்கள். இன்னொரு நாள் பீரங்கிச் சத்தத்துக்குப் பயந்து ஓடிய காவல்காரன் ஒருவனை, சில மணி நேரம் கழித்து ஒரு கிணற்றுக்குள் அடியாழத்தில் கண்டுபிடித்தார்களாம். இந்தக் கூட்டத்தை வைத்துக்கொண்டு கிளைவ் முதலில் கோவளத்தையும், பிறகு செங்கல்பட்டையும் எடுத்தார். கோவளம் கோட்டை இருந்த இடத்தில் இன்று நட்சத்திர விடுதி. செங்கல்பட்டுக் கோட்டையின் ஊடாக ரயில் போகிறது. காலை மின்சார ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தால் நான் கொளவாய் ஏரியைத்தான் பார்ப்பேன், கோட்டையைப் பார்க்கிறவர் யாரும் இல்லை.

செங்கல்பட்டு அப்படிக் கம்பெனி கைக்குப் போன பிறகு, அதே சீமையில் துப்பாக்கிக்கு எதிராக மக்கள் வாங்கிய ஒரு காகிதம் உண்டு. வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைக்கார சோல்ஜர்கள் பறவை சுட வந்துகொண்டிருந்தார்கள். பறவை எச்சம் விழுந்த தண்ணீர்தான் வயலுக்கு உரம். ஊர்க்காரர்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டார்கள். 1798இல் அவர் கவுல் எழுதிக் கொடுத்தார்: இங்கே யாரும் பறவை சுடக் கூடாது. இந்தியாவின் பறவைக் காப்பிட வரலாற்றில் இதைப் பெருமையாகச் சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அது ஆள்பவனின் விசைவிரலை ஊர் தடுத்த கதையும்கூட. அடுத்து நடந்தவை எல்லாம் நேர்மாறு.

1801இல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டுப் பாளையக்காரர் போரை முடித்த கையோடு, டிசம்பரில் சென்னை கவர்னர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். தென்சீமையில் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், கோட்டைகள் இருக்கக் கூடாது. கையெழுத்திட்டவர் எட்வர்ட் கிளைவ், கோவளத்தில் ஓடியவர்களைத் திரட்டிக்கொண்டு வந்தாரே, அந்த ராபர்ட் கிளைவின் மகன். அப்பா துப்பாக்கி பிடிக்கத் தெரியாதவர்களுக்குப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். மகன் தெரிந்தவர்களிடமிருந்து பிடுங்கினார்.

பிறகு 1857. மீரட்டில் கொழுப்புத் தடவிய தோட்டாவால் சிப்பாய்கள் எழுந்தார்கள். கம்பெனி அரசு அதே ஆண்டு ஆயுதச் சட்டம் ஒன்றை அவசரமாகக் கொண்டுவந்தது. அதே 1857இல்தான் அமெரிக்காவில் ஸ்மித் அண்ட் வெஸன் கம்பெனி .22 அளவில் ஒரு குட்டித் தோட்டாவையும் அதற்கான ரிவால்வரையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழிக்கும் வேலையே இதில் இல்லை. பித்தளைக் குப்பியின் அடிவிளிம்புக்குள் வெடிக்கும் கலவையைப் பூசி, அந்த விளிம்பை நசுக்கினால் தீப்பிடிக்கும். என் அண்ணன் மேசையில் கிடந்தது அந்தக் குடும்பத்தின் வாரிசு.

விளிம்பை நசுக்க நல்ல அடி வேண்டும். அண்ணன் புதிய தொகுப்போடு நிற்காமல், குதிரையின் வில்லையும் மெல்லிசாக மாற்றிப் பார்த்திருக்கிறார். விசை வெண்ணெய் மாதிரி இழுபட்டது, பத்தில் இரண்டு தோட்டா வெடிக்கவில்லை. "அழகா டிக்குன்னு சத்தம் வருது, அவ்ளோதான்" என்றார். பழைய வில்லைத் திரும்பப் போட்டார். விசையை இலகுவாக்க விரும்புகிறவன் எல்லோரும் கடைசியில் அந்தப் பள்ளத்துக்குத்தான் வந்து சேர வேண்டும், வில்லில் கை வைத்துத் தப்பிக்க முடியாது.

இது விளையாட்டுக்காரர்களின் வெறும் வீம்பு என்று நினைத்துவிட வேண்டாம். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய ஸ்வப்னில் குசாலே சுட்டது இதே .22 ரகத் தோட்டாவைத்தான், 50 மீட்டர் தூரத்தில். பத்து மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு விசை குறைந்தது 500 கிராம் இருக்க வேண்டும் என்று விதி உண்டு, நடுவர் எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்ப்பார். 50 மீட்டர் ரைஃபிளுக்கு அந்தக் குறைந்தபட்சம்கூட இல்லை. மூச்சு பட்டால் நழுவும் அளவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

சட்டத்துக்கு வருகிறேன். 1878இல் லிட்டன் பிரபு காலத்தில் வந்த ஆயுதச் சட்டம்தான் பெரியது. இந்தியன் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ், ஐரோப்பியருக்குப் பெரும்பாலும் விலக்கு. அதே ஆண்டில்தான் தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயை அடைக்கும் சட்டமும் வந்தது. அகிம்சை பேசிய காந்தியே ஒரு தேசத்தை நிராயுதபாணியாக்கிய அந்தச் சட்டத்தைக் கடுமையாகச் சொன்னார். விடுதலைக்குப் பிறகு 1959இல் நாம் புதிதாக எழுதிக்கொண்டோம். நிற பேதம் போயிற்று, பூட்டு போகவில்லை. துப்பாக்கியைச் செய்வது மட்டுமல்ல, மாற்றுவது, பழுது பார்ப்பது, சோதிப்பது எல்லாவற்றுக்கும் தனி லைசென்ஸ் வேண்டும். துப்பாக்கியின் பாகமும் ஆயுதம்தான். டெக்ஸஸில் வரிசை எண் பொறித்த உடல்பகுதிதான் சட்டப்படி துப்பாக்கி, விசைத் தொகுப்பு வெறும் உதிரிபாகம், முறுக்குக்குப் பக்கத்தில் கிடக்கலாம். இங்கே அந்த உள்ளங்கை அளவு இரும்பே ஆயுதம். முறையாக லைசென்ஸ் வைத்திருக்கிற ஆளும் அதைத் தேய்க்க நினைத்தால் லைசென்ஸ் உள்ள கடைக்குத்தான் போக வேண்டும்.

எனக்கு இதில் புகார் இல்லை. அமெரிக்கப் பள்ளிக்கூடச் செய்திகளைப் படிக்கிற எவனும் புகார் சொல்ல மாட்டான். ஆனால் இந்தப் பூட்டு யார் கையிலிருந்து எதை எடுத்தது என்று பார்க்கும்போது, கலெக்டரிடம் மனு எழுதத் தெரிந்தவர்கள் நினைவுக்கு வரவில்லை. நரிக்குறவர்கள்தான் வருகிறார்கள்.

குருவிக்காரர் என்ற பெயரே அவர்கள் தொழிலைச் சொல்லும். வாய்வழி மருந்தும் ரவையும் இடித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கி அவர்களுடைய கருவி. நம் அப்பாக்கள் தலைமுறையில் தோளில் அந்தத் துப்பாக்கியும் கையில் கொக்குமாக அவர்கள் தெருவில் போவதைப் பார்க்காதவர் குறைவு. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை குற்றமாயிற்று. பறவைகளுக்கு நல்லதுதான். துப்பாக்கி போய் ஊசி, பாசிமணி வந்தது. மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் இருக்கும் அவர்களை நாடு கவனித்தது 2021இல், கோயில் அன்னதானப் பந்தியில் அந்தச் சமூகப் பெண் ஒருவருக்கு இடம் மறுக்கப்பட்ட செய்தி பரவிய பிறகு. அந்தத் தீபாவளிக்கு முதலமைச்சரே பூஞ்சேரிக்குப் போய்ப் பட்டா கொடுத்தார். பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

சென்ற மாதம் மாமல்லபுரம் பேருந்து நிலையத்தில் மணி விற்றுக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். முதலில் சந்தேகமாகப் பார்த்தார். துப்பாக்கி என்று யாராவது கேட்டால் அவருக்குப் போலீஸ்தான் ஞாபகம் வரும் போலிருக்கிறது. ரெண்டு மாலை வாங்கிய பிறகு, "ஐயா, அந்தக் காலத்துல குதிரையை எப்படிச் சரி பண்ணுவீங்க?" என்று கேட்டேன். முகம் மாறிவிட்டது.

"அப்பன் அரம் வெச்சித் தேய்ப்பாரு சாமி. ரெண்டு இழுப்பு, அப்புறம் மாட்டிப் பாக்கணும். மறுபடி ஒரு இழுப்பு. முள்ளுல மாட்டினா வெடிக்கக் கூடாது. கொக்கு எதிர்ல நிக்கும்போது கனமாவும் இருக்கக் கூடாது. கொக்கு காத்திருக்குமா?"

துப்பாக்கி என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அது போயி நாப்பது வருசம் ஆச்சி" என்றார், யார் எடுத்துப்போனார்கள் என்று சொல்லவில்லை. எவ்வளவு கனம் வைப்பார் உங்கள் அப்பா என்றேன். அண்ணனிடம் சொல்ல எனக்கு ஒரு எண் வேண்டியிருந்தது. அவர் என் கையைப் பிடித்து, உள்ளங்கையில் தன் ஆள்காட்டி விரலை வைத்து, மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தார்.

"இந்நேரம் விட்டிருக்கும்" என்றார். செங்கல்பட்டு பஸ் வந்துவிட்டது, மணிகளைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார்.