ஒரு சொட்டு எண்ணெய்க்குப் பின்னால் 200 வருஷ வரலாறு

1/ சளியை ஸ்லைடில் தடவி சாதாரண மைக்ராஸ்கோப்பில் டிபி கிருமியைத் தேடும் லேபுக்குப் போனா, பக்கத்திலேயே ஒரு சின்ன எண்ணெய் பாட்டில் இருக்கும். ஸ்லைடு மேல ஒரு சொட்டு விட்டு, லென்ஸ் அந்த எண்ணெயைத் தொடுற வரைக்கும் கொண்டு வருவாங்க. எதுக்கு அந்த எண்ணெய்?

2/ முதல்ல கருவி. ஸ்லைடுக்குப் பக்கத்துல இருக்கும் லென்ஸ் ஆப்ஜெக்டிவ். கண்ணுக்குப் பக்கத்துல இருப்பது ஐபீஸ். ஆப்ஜெக்டிவ் குழாய்க்குள் ஒரு பெரிய பிம்பத்தை உண்டாக்கும். ஐபீஸ் அதைப் பூதக்கண்ணாடி மாதிரி இன்னும் பெருசாக்கும். ஆப்ஜெக்டிவ் 100, ஐபீஸ் 10 என்றால் மொத்தம் 1000 மடங்கு.

3/ இந்த இரண்டு லென்ஸ் கருவி 1600களின் தொடக்கத்திலேயே ஐரோப்பாவில் இருந்தது. இதை வைத்துத்தான் ராபர்ட் ஹூக் தக்கையின் நுண்ணறைகளைப் பார்த்து 'செல்' என்று பெயர் வைத்தார். அதை 1665-ல் 'மைக்ரோகிராஃபியா' என்ற நூலில் வெளியிட்டார்.

4/ ஆனா பாக்டீரியாவை முதல்ல பார்த்தது இந்தக் கருவி இல்லீங்க! நெதர்லாந்தின் டெல்ஃப்ட் ஊர்த் துணி வியாபாரி லேவன்ஹூக், தானே செய்த ஒரே ஒரு குட்டி லென்ஸில் பார்த்துவிட்டு 1676-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார்.

5/ இரண்டு லென்ஸ் ஏன் ஒத்தை லென்ஸ்கிட்ட தோத்துச்சு? லென்ஸ் வழியா போகும்போது நீல ஒளி அதிகமா வளையும், சிவப்பு கம்மியா வளையும். அதனால ஓரமெல்லாம் வண்ணக் கறை. ஆப்ஜெக்டிவ் செய்யும் தப்பை ஐபீஸ் இன்னும் பெருசாக்கிக் காட்டும். படம் பெருசு, ஆனா கலங்கல்.

6/ இதைச் சரி செய்தவர் ஒரு ஒயின் வியாபாரி, ஜோசப் ஜாக்சன் லிஸ்டர். இரண்டு வகைக் கண்ணாடியை ஜோடி சேர்த்தால் வண்ணக் கறை குறையும் என்பது முன்பே தெரியும். அந்த ஜோடிகளை எவ்வளவு இடைவெளியில் வைத்தால் படம் கூர்மையா இருக்கும் என்று 1830-ல் சொன்னார். அறுவை சிகிச்சையில் கிருமிநாசினியைக் கொண்டுவந்த ஜோசப் லிஸ்டர் இவருடைய மகன்தான்.

7/ அடுத்தது ஜெர்மனியின் யேனா நகரம். கார்ல் சைஸின் பட்டறைக்காக இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே 1873-ல் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னார். எத்தனை மடங்கு பெருசாக்கினாலும் பலன் இல்லை. ஸ்லைடிலிருந்து விரிந்து வரும் ஒளியை ஆப்ஜெக்டிவ் எவ்வளவு அள்ளுது என்பதுதான் நுணுக்கத்தை முடிவு செய்யும். அப்படி அள்ளினாலும் சுமார் 0.2 மைக்ரான்தான் எல்லை.

8/ ஸ்லைடுக்குக் கீழே இருக்கும் கண்டென்சர் இதுக்காகத்தான். விளக்கொளியைக் குவித்து அகலமான கூம்பா மேலே அனுப்பும். எண்ணெயும் இதுக்காகத்தான். கண்ணாடியை விட்டுக் காற்றுக்கு வரும் ஒளி வளைந்து விலகிப் போயிடும். எண்ணெய் ஏறக்குறைய கண்ணாடி மாதிரியே ஒளியை நடத்துவதால், அது சிதறாம நேரா லென்ஸுக்குள் போகும்.

9/ இப்ப டிபி கிருமிக்கு வருவோம். அதன் தடிமன் 0.2 முதல் 0.5 மைக்ரான், அபே சொன்ன எல்லையை ஒட்டி! அதிலும் சாதாரணச் சாயம் அதில் லேசில் ஏறாது. ராபர்ட் கோக் அதற்கென ஒரு சாயமுறையை உருவாக்கினார். அபேயின் கண்டென்சரும் எண்ணெய் லென்ஸும் அவரிடம் இருந்தன. 1882 மார்ச் 24, பெர்லின். டிபிக்குக் காரணம் இந்தக் கிருமிதான் என்று அறிவித்தார். பரம்பரை நோய் என்று பலரும் நம்பிக்கிட்டிருந்த காலம் அது. இன்னிக்கும் மார்ச் 24 தான் உலகக் காசநோய் தினம்.

10/ இப்ப மரபணுப் பரிசோதனைகளும் வந்தாச்சு. ஆனா எந்தக் கருவியானாலும் மாதிரியில் இல்லாத கிருமியைக் காட்டாது. இரண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா அரசு மருத்துவமனைக்குப் போங்க, பரிசோதனை இலவசம். டப்பாவில் எச்சிலைத் துப்பிக் கொடுக்காதீங்க. மூச்சை நல்லா இழுத்து, ஆழமா இருமி, நெஞ்சிலிருந்து வரும் சளியைக் கொடுங்க. மிச்ச வேலையை லென்ஸ் பார்த்துக்கும்.